பிறகு நினைவூட்டு

இடது பையில் ஆண்ட்ராய்டு, வலது பையில் ஐபோன்.
ஆசைப்பட்டு அல்ல.
கம்பெனியின் வேலைச்சீட்டு ஆப் ஐபோனில்தான் திறக்கும்.
பணம் அனுப்பும் ஆப்புக்கோ பழைய ஆண்ட்ராய்டுதான் பழக்கம்;
போனை மாற்றினால் கவுண்டருக்கு நேரில் வா என்கிறது,
அசல் அட்டையோடு, வேலை நாளில், வேலை நேரத்தில்.

அறையில் இது மதச் சண்டை.
மேல் கட்டில் கலந்தர் ஆப்பிள் கட்சி.
மூன்றாம் கையாக வாங்கிய போனுக்கு
அத்தர் பூசாத குறை.
“இதுக்குள்ள வைரஸ் வராது தம்பி” என்பார்.
பாட்டும் வராது என்பேன்.
ஒரு பாட்டை ரிங்டோனாக்க
அவர் இரண்டு வெள்ளிக்கிழமைகள் செலவழித்தது
அறைக்கே தெரியும்.

கீழ்க் கட்டில் சூசைமிக்கேல் எதிர்க்கட்சி.
“என் போன்ல எல்லாம் என் இஷ்டம்.”
அவன் இஷ்டப்படாத பதினான்கு ஆப்கள்
வாங்கிய அன்றே உள்ளே குடியிருந்தன.
காலி செய்யாது, வாடகையும் தராது.
கரண்ட் போன ராத்திரி
கக்கூசுக்கு வழி தேடி டார்ச்சை அமுக்கியவனுக்கு
முதலில் ஐந்து நொடி
கடலோர வில்லா விற்றது அது.

எனக்கு இரண்டின் மேலும் கோபம்.

ஆகஸ்ட். ஷார்ஜா, அல் நஹ்தா.
இருபத்திரண்டாம் மாடிக்கும் மேலே
ஏசியின் வெளிப்பெட்டிகள் வரிசையாக அனல் துப்பும் கூரையில்
என் வேலை.
முகம் சுற்றித் துண்டு, கண் மட்டும் வெளியே.
ஐபோன் பார்க்கிறது,
யார் நீ என்கிறது.
அவிழ்த்தால் மூக்கு வெந்துவிடும்.
அவிழ்க்கிறேன்.
ஓ, நீயா.

ஆண்ட்ராய்டு விரல் கேட்கும்.
காயில் கழுவும் மருந்தில் ஒன்பது வருடம் ஊறிய விரல்,
ரேகை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.
மீண்டும் முயல்க.
கட்டைவிரல். ஆட்காட்டி விரல். சுண்டுவிரல்கூட.
முப்பது நொடி பொறு என்று தண்டனை.
என் போனைத் திருட வந்தவன் மாதிரி
என் போன் முன்னால் நிற்கிறேன்.

போன வாரம், சரியாகப் பன்னிரண்டு மணிக்கு
ஐபோன் எழுதிக் காட்டியது:
வெப்பம் அதிகம், ஆறிய பிறகே இயங்கும்.
எங்களுக்கு வெயில் ஓய்வு பன்னிரண்டரைக்கு.
அரை மணி முன்பே
யாரையும் கேட்காமல் அது எடுத்துக்கொண்டது.
சூப்பர்வைசர் திட்டவில்லை.
“பாவம், நிழல்ல வை” என்றார்.
வைத்தேன்.
கம்ப்ரஸருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஒரே நிழல்,
அதுவரை நான் நின்ற இடம்.

வேலைச்சீட்டை மூட முடியாமல்
அன்று கணக்கில் அரை நாள் வராதவன் ஆனேன்.
இடது பையில் இருந்தது மட்டும்
இடம் நிறைந்துவிட்டது, இடம் நிறைந்துவிட்டது என்று
தொடையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.
திறந்து பார்த்தால்
முந்நூறு குட்மார்னிங் ரோஜா.

ராத்திரி இருவரும் மறுபடி ஆரம்பித்தார்கள்.
எது வேகம், எதில் கேமரா, எது விழுந்தால் உடையாது.
நடுவே இரண்டு போனுக்கும் ஊரிலிருந்து வீடியோ கால்.
எடுத்தார்கள்.
இணைக்கிறது, இணைக்கிறது என்று
இரண்டிலும் வட்டம் சுற்றியது.
இந்த நாட்டில் அந்தக் கதவு
இரண்டு கட்சிக்கும் சாத்தித்தான் இருக்கிறது.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு கலந்தர் சொன்னார்,
“ஆனாலும் சுத்துற வட்டம் இதுல அழகு.”

விளக்கணைத்துப் படுத்த பிறகு
தலைமாட்டில் இரண்டும் ஒருசேர வெளிச்சமாகின.
புதிய பதிப்பு தயார்.
இன்றிரவு புதுப்பிக்கலாமா?

என் விசாவை நாலு முறை புதுப்பித்தார்கள்.
அறையை மாற்றினார்கள், சம்பளத் தேதியை மாற்றினார்கள்,
கையெழுத்து எங்கே என்று மட்டும்
விரலால் தொட்டுக் காட்டினார்கள்.
சம்மதமா என்று கேட்டவை
இந்த இரண்டு சனியன்கள்தான்.

இரண்டிலும் ‘பிறகு’ என்பதை அழுத்திவிட்டு
முழித்துக் கிடந்தேன்,
இன்னொரு தரம் கேட்குமா என்று.